நீங்கள் சாப்பிடுவதை அவன் எப்போது பார்த்தான்?

கேள்வி:

டாக்டர், எனக்கு நாலரை வயதில் மகன், ஒன்றே முக்கால் வயதில் மகள். ஊர் நாமக்கல். மகன் எல்.கே.ஜி. படிக்கிறான். வீட்டில் காயைக் கண்டாலே தட்டைத் தள்ளிவிடுகிறான். முட்டைக்குப் பேர் போன ஊரில் இருந்துகொண்டு முட்டையைத் தொடமாட்டேன் என்கிறான். போனில் ஏதாவது ஓடினால்தான் வாயைத் திறப்பான். ஆனால் பள்ளியில் டிபன் டப்பாவைக் காலி செய்துவிடுகிறான் என்று மிஸ் சொல்கிறார். ராத்திரி பல் தேய்க்கச் சொன்னால் ஒரே அழுகை.

கணவர் லாரி ஆபீசில் இருக்கிறார். வீட்டுக்கு வர ஒன்பது மணி ஆகிவிடும். தட்டோடு டிவி முன்னால் உட்கார்வார், நடுநடுவே போனும் வரும். அத்தைக்கு, தான் ஊட்டினால்தான் பேரன் வயிறு நிறையும் என்று எண்ணம். "பையன் இளைச்சுக்கிட்டே போறான்" என்று தினமும் சொல்கிறார். எடை 16 கிலோ. அத்தை வெளியே போய் வந்தால் கால் கழுவாமல் வீட்டுக்குள் வரமாட்டார். அதை மட்டும் மகன் சொல்லாமலே செய்கிறான். வேறு எது சொன்னாலும் கேட்பதில்லை.

பெற்றோர்தான் முன்மாதிரி என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவன் எதிரில் கேரட்டைக் கடித்து "ஆஹா, என்ன ருசி" என்று நடித்தும் பார்த்துவிட்டேன். "அப்ப நீயே சாப்பிடு" என்று எழுந்து போய்விட்டான். போன வாரம் மகள் டிவி ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு, அவள் அப்பா மாதிரியே கூடத்தில் நடந்தபடி "ஆங்... லோடு... ஆங்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த 16 கிலோவைப் பார்த்துவிடலாம். அந்தப் பயம் இருக்கும்வரை நான் சொல்லும் வேறு எதுவும் உங்கள் வீட்டில் எடுபடாது.

நாங்கள் மனக்கணக்காக வைத்திருக்கும் பழைய சூத்திரம் ஒன்று உண்டு. ஒரு வயதுக்கு மேல், வயதை இரண்டால் பெருக்கி எட்டைக் கூட்டினால் சராசரி எடை வரும். நாலரை வயதுக்கு 17. உங்கள் மகன் 16. சராசரி என்றாலே சிலர் மேலே, சிலர் கீழே. இதில் பதற ஒன்றும் இல்லை. அடுத்த முறை தடுப்பூசிக்கோ காய்ச்சலுக்கோ போகும்போது உயரத்தையும் அளந்து, இரண்டையும் வளர்ச்சி அட்டையில் குறித்துத் தரச் சொல்லுங்கள். ஒரு நாளின் எடையைவிட, அந்தக் கோடு ஏறிக்கொண்டிருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

அப்புறம் ஏன் இவ்வளவு குறைவாகச் சாப்பிடுகிறான்? மூன்று கிலோவில் பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளில் ஒன்பது கிலோ இருக்கும். ஒரே வருடத்தில் ஆறு கிலோ. இரண்டு வயதுக்குப் பிறகோ வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு கிலோதான் ஏறும். வளர்ச்சியின் வேகம் குறைந்தால் பசியும் குறையும். இது உடம்பு போடுகிற நியாயமான கணக்கு. பாட்டிமார்களுக்கு ஞாபகத்தில் நிற்பது அந்த முதல் வருடத்துப் பசிதான். அதை அளவுகோலாக வைத்துப் பார்த்தால் எந்த நாலு வயதுப் பிள்ளையும் இளைத்துத்தான் தெரியும். உங்கள் அத்தை சொல்வது பாசத்தில் வருவது. ஆனால் பசிக்காத வாயைத் திறக்க வைக்க ஏதாவது ஒன்று வேண்டுமே, அங்கேதான் போன் வீட்டுச் சாப்பாட்டுக்குள் வந்தது.

சரி, இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதை இரண்டு முறை படித்தேன். மகன் எப்படிச் சாப்பிடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். கணவர் எங்கே, எப்போது சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தை ஊட்டுவது இருக்கிறது, பள்ளி டிபன் டப்பா இருக்கிறது. நீங்கள் எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வரி கூட இல்லை. கடிதத்தில் நீங்கள் வாயில் எதையாவது வைக்கிற ஒரே இடம் அந்தக் கேரட் நாடகம்தான்.

என் ஊகத்தைச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காலையில் அவனை வேனில் ஏற்றி, கணவரை அனுப்பி, அத்தைக்கு டிபன் வைத்துவிட்டு, பத்து மணிக்கு மேல் மிச்சமிருக்கும் இரண்டு தோசையை அடுப்படி மேடை ஓரத்தில் நின்றபடியே சாப்பிடுவீர்கள். ராத்திரி அவன் தட்டில் மீந்ததை அதே தட்டில் பிசைந்து சாப்பிடுவீர்கள், அப்போது அவன் தூங்கியிருப்பான். இது ஜோசியம் கிடையாது. நானும் பத்து வருடம் அப்படித்தான் சாப்பிட்டேன். கிளினிக்கில் தாய்மார்களுக்கு ஊட்டச்சத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு, வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபடியே தயிர்சாதம் அள்ளிப் போட்டுக்கொண்ட ஆள் நான்.

ஆக, உங்கள் மகன் பிறந்ததிலிருந்து தன் அம்மா ஒரு தட்டு எடுத்து, உட்கார்ந்து, சோறும் காயும் போட்டு நிதானமாகச் சாப்பிட்டு எத்தனை முறை பார்த்திருப்பான்? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். காய் சாப்பிடு என்று நீங்கள் சொன்னதை ஆயிரம் முறை கேட்டிருக்கிறான். அம்மா காய் சாப்பிட்டு அவன் பார்த்ததில்லை.

அத்தையின் கால் கழுவும் பழக்கத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "சொல்லாமலே செய்கிறான்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், ஆனால் உங்கள் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது. அத்தை பேரனுக்கு உதாரணம் காட்ட வேண்டும் என்று கால் கழுவுவதில்லை. அவன் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கழுவுவார். தினமும், அதே வாசலில், அதே சொம்பில். அவன் கழுவினானா என்று திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். மகளுக்குப் போனில் பேச யாராவது பாடம் எடுத்தார்களா? இல்லை. நடந்துகொண்டே பேசுவது வரைக்கும் அவள் பிடித்துவிட்டாள்.

1961-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் செய்த சோதனை ஒன்று உளவியல் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்தது. உங்கள் மகன் வயதை ஒட்டிய 72 குழந்தைகள். அறையின் ஒரு மூலையில் குழந்தைக்குப் படம் ஒட்டி விளையாடச் சாமான்கள். இன்னொரு மூலையில் ஒரு பெரியவர், ஆள் உயரத்துக்குக் காற்றடைத்த ஒரு பொம்மை. நம் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மாதிரி, தள்ளிவிட்டால் மறுபடி நிமிர்ந்துகொள்ளும். சில குழந்தைகள் பார்க்க அந்தப் பெரியவர் பொம்மையைக் குத்தினார், சுத்தியலால் அடித்தார், ஏதேதோ சொல்லித் திட்டினார். பிறகு அந்தக் குழந்தைகளைத் தனியாக விட்டபோது பலர் அதே மாதிரி அடித்தார்கள், அவர் சொன்ன வார்த்தைகளையே சொன்னார்கள். அந்தச் சோதனையைச் சண்டை, வன்முறை பற்றிய பேச்சில்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்த மூலைதான். யாரும் குழந்தையைக் கூப்பிட்டு "இங்கே பார்" என்று சொல்லவில்லை. அது தன்பாட்டுக்குப் படம் ஒட்டிக்கொண்டிருந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளும் கூடத்தின் மூலையில் கார் ஓட்டிக்கொண்டு அப்படித்தான் இருக்கிறார்கள்.

கேரட் நாடகம் ஏன் எடுபடவில்லை என்பதும் இதிலேயே புரியும். நீங்கள் "ஆஹா" என்றபோது உங்கள் கண் கேரட்டின் மேல் இல்லை, அவன் முகத்தின் மேல் இருந்தது. நாலரை வயதுக்கு அது நன்றாகத் தெரியும். லட்டு சாப்பிடும்போது அம்மா இப்படி விளம்பரம் செய்வதில்லையே, இதில் ஏதோ இருக்கிறது என்று பிள்ளை உஷாராகிவிடும்.

பள்ளியில் டப்பா காலியாவதற்கும் காரணம் இதுவே. அங்கே முப்பது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஒரே நேரத்தில் சாப்பிடுகிறார்கள், பக்கத்துப் பையன் சாப்பிடுகிறான், யாரும் இவன் வாயையே பார்ப்பதில்லை. வீட்டில் அடம் பிடிக்கும் பிள்ளை அங்கன்வாடியில் கலவை சாதத்தை முழுசாகச் சாப்பிடுகிறது என்று தாய்மார்கள் ஆச்சரியப்படுவதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். லியான் பர்ச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-இல் இதையே சோதித்துப் பார்த்தார். ஒரு காய் பிடிக்காத குழந்தையை, அந்தக் காயை விரும்பி எடுக்கும் குழந்தைகள் நடுவே மதியச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்தார். சில நாட்களிலேயே இந்தக் குழந்தையும் அதை எடுக்கத் தொடங்கியது.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். ஒரு நாளில் ஒரு வேளை, நீங்கள் அவனோடு உட்கார்ந்து, உங்கள் தட்டில், உங்கள் பசிக்குச் சாப்பிடுங்கள்.

ராத்திரி வேளை உங்கள் வீட்டுக்கு ஒத்துவராது. கணவர் ஒன்பது மணிக்கு வருகிறார், அவருக்காகப் பிள்ளையை விழிக்க வைக்கக் கூடாது. மூன்று, நான்கு வயதுக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலை ஏழு மணிக்கு எழுந்திருக்க வேண்டிய பிள்ளை ஒன்பதுக்குள்ளாவது தூங்கிவிட வேண்டும். அதனால் காலை டிபனை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது எல்லோரும் வீட்டில் இருக்கிறீர்கள். பதினைந்து நிமிடம் போதும். "எல்லாருக்கும் நான்தானே சுட்டுப் போடணும், எங்க உட்கார்றது" என்று கேட்பீர்கள். சரி, வாரத்தில் நாலு நாள் இட்லி, உப்புமா, பொங்கல் என்று ஒரே நேரத்தில் ஆகிற மாதிரி வையுங்கள். தோசை ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும். கல்லின் முன்னால் நிற்கிறவருக்குத் தோசை ஒருபோதும் சூடாகக் கிடைப்பதில்லை என்பது தனிச் சோகம்.

இதை உங்கள் மகனுக்காக மட்டும் சொல்லவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் இருப்பதைச் சாப்பிடுகிறவருக்குக் கீரையும் முட்டையும் எவ்வளவு மிஞ்சும்? உங்கள் ஹீமோகுளோபினையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மகளும் வளர்ந்து வருகிறாள். பெண்கள் எப்போது, எப்படிச் சாப்பிடுவார்கள் என்பதையும் அவள் அந்த அடுப்படியில்தான் கற்றுக்கொள்வாள்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் என்ன நடக்க வேண்டும்? அதிகமாக ஒன்றும் வேண்டாம். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. எலின் சாட்டர் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் ஒரு பங்கீடு சொல்வார், நான் கிளினிக்கில் தினமும் அதைத்தான் ஒப்பிக்கிறேன்: என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் முடிவு. எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பது குழந்தையின் முடிவு. நம் வீடுகளில் இது அப்படியே தலைகீழ். என்ன வேண்டும் என்று பிள்ளையைக் கேட்கிறோம், எவ்வளவு என்பதை நாம் திணிக்கிறோம்.

அவன் தட்டில் கொஞ்சமாக வையுங்கள். ஒரு இட்லி போதும். வேண்டும் என்று அவன் கேட்கட்டும். சாம்பாரில் இருக்கும் கேரட்டை மசித்து ஒளித்து வைக்காதீர்கள், கேரட் கேரட்டாகவே தெரியட்டும். ஒரு புதுக் காயை ஒரு குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து, சில சமயம் பதினைந்து தடவைகூட அது கண்ணில் பட வேண்டியிருக்கும். நாம் மூன்றாவது தடவையிலேயே "இவனுக்குப் பீன்ஸ் பிடிக்காது" என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிடுகிறோம். அவன் காதுபடச் சொல்கிறோம் என்பதுதான் வினை. அப்புறம் அது அவன் அடையாளமாகிவிடும், விட்டுக்கொடுக்கமாட்டான்.

போனை நிறுத்தினால் முதல் மூன்று, நாலு நாள் அவன் சாப்பிடுவது பாதியாகக் குறையும். அதற்கு வீட்டில் எல்லோரையும் முன்கூட்டியே தயார் செய்யுங்கள். அந்த நாட்களில் பரிதாபப்பட்டு பதினோரு மணிக்கு பிஸ்கட், பன்னிரண்டு மணிக்கு ஒரு டம்ளர் பால் என்று கொடுத்தால் பசி வரவே வராது. பாலும் அளவோடு இருக்கட்டும், இந்த வயதுக்கு நாளுக்கு 400, 500 மில்லி தாராளம். அதற்கு மேல் போனால் சாப்பாட்டு இடத்தைப் பால் பிடித்துக்கொள்ளும். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதில் கலக்கும் பவுடரில் கணிசமான பங்கு சர்க்கரை. அந்த மாதிரிப் பானங்களை "ஹெல்த் டிரிங்க்ஸ்" என்ற தலைப்பில் விற்காதீர்கள் என்று 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகமே இணைய வணிகத் தளங்களுக்குச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

அத்தையை என்ன செய்வது என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் வரிகளுக்கு நடுவே கேட்டிருக்கிறீர்கள். ஊட்டாதீர்கள் என்று சொல்லாதீர்கள், அது சண்டையில் முடியும். "அத்தை, நீங்க அவன் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடுங்க, உங்களைப் பார்த்துத்தான் அவன் கால் கழுவக் கத்துக்கிட்டான், சாப்பிடறதும் உங்களைப் பார்த்தே வரட்டும்னு டாக்டர் சொன்னாங்க" என்று என் தலையில் போட்டுவிடுங்கள். அது பொய்யும் இல்லை. உங்கள் வீட்டில் இப்போதைக்கு மிக நல்ல முன்மாதிரி அவர்தான். தரையில் உட்கார்ந்து, டிவி பார்க்காமல், தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிற தலைமுறை. கையில் சொந்தத் தட்டு இருந்தால், "சாமி, இந்த ஒரு வாய் மட்டும்" என்று ஊட்டக் கையும் ஒழியாது.

பல் விஷயத்தில் உங்களிடம் ஒரு கேள்வி. நீங்களும் கணவரும் ராத்திரி பல் தேய்க்கிறீர்களா?

இதை நான் கிளினிக்கில் கேட்டால் அப்பாக்கள் பெரும்பாலும் மின்விசிறியைப் பார்ப்பார்கள். அம்மாக்கள் "நேரம் கிடைச்சா" என்பார்கள். பிறகு எப்படி அவனுக்கு அது நியாயமாகப் படும்? இந்த வீட்டில் ராத்திரி பல் தேய்ப்பது குட்டிப் பையனுக்கு மட்டும் விதித்த தண்டனை என்றுதான் அவன் நினைப்பான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அழுவேன். எட்டரை மணிக்கு நீங்கள், அவன், மகள் மூன்று பேரும் வாஷ்பேசின் முன்னால் நில்லுங்கள். கண்ணாடி எட்டாவிட்டால் ஒரு முக்காலி. அவனுக்கு ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு, அவளுக்கு ஓர் அரிசி மணி அளவு. விளம்பரத்தில் வருகிற மாதிரி பிரஷ் நீளத்துக்குப் பிதுக்க வேண்டாம். முதலில் அவனே தேய்க்கட்டும். பிறகு அவன் பின்னால் நின்று, தலையை உங்கள் வயிற்றில் சாய்த்துக்கொண்டு, நீங்கள் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். ஏழு, எட்டு வயதுவரை கடைவாய்ப் பற்களைத் தானே சுத்தமாகத் தேய்க்கும் கைப்பக்குவம் பிள்ளைகளுக்கு வராது. அழுதால் பிரஷை அவன் கையில் கொடுத்து, உங்கள் பல்லைத் தேய்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஈறு கொஞ்சம் பாடுபடும். அவன் அழுகை நின்றுவிடும்.

"விழுகிற பல்தானே" என்று விட்டுவிடாதீர்கள். பாற்பல் சொத்தையானால் வலி, வலி வந்தால் சாப்பாடு இன்னும் குறையும். இன்னொன்று, ஆறு வயது வாக்கில் கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் ஒரு பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலே வருவதால் அதையும் பாற்பல் என்றே நினைத்துவிடுவோம். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய கடைவாய்ப்பல். அதற்குள் ராத்திரி தேய்ப்பது பழகியிருந்தால் நல்லது. மகள் பாட்டிலில் பால் குடித்தபடியே தூங்கினால் அதையும் இப்போதே நிறுத்தத் தொடங்குங்கள்.

கணவர் பற்றிச் சொல்ல வேண்டியதைக் கவனமாகச் சொல்கிறேன், அவரும் இதைப் படிக்கக்கூடும். லாரி ஆபீசில் போன்தான் பிழைப்பு. வண்டி வழியில் நின்றால் ராத்திரி பத்து மணிக்கும் எடுத்துத்தான் ஆக வேண்டும். போனை விட்டுவிடுங்கள் என்று அவரிடம் சொல்வதில் அர்த்தமில்லை. ஆனால் குழந்தைகளுக்கு வேலைக்கான போனும் வெறுமனே தள்ளிக்கொண்டிருக்கும் போனும் ஒன்றாகத்தான் தெரியும். வித்தியாசத்தை வாய்விட்டுச் சொல்லலாம். "ஆபீஸ்ல இருந்து லோடு விஷயமாக் கூப்பிடறாங்க, பேசிட்டு வந்துடறேன்" என்று எழுந்து போய்ப் பேசிவிட்டு, போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், போனுக்கு ஒரு காரணமும் ஒரு முடிவும் உண்டு என்பதைப் பிள்ளை பார்க்கும். மகளுக்கு இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், மகனுக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள், அதுவும் பெரியவர் யாராவது கூட இருந்து பார்க்க வேண்டும் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. சாப்பாட்டு நேரம் அந்த ஒரு மணியில் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலை டிபனுக்குக் கணவரும் வந்து உட்காரட்டும். அந்த நேரம் மட்டும் டிவி அணைந்திருக்கட்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, அவர் டிவி முன்னால் சாப்பிடுவதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எல்லாப் போரையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம்.

ஒன்று மட்டும் அவரிடம் கண்டிப்பாகக் கேட்பேன். மகனை பைக்கில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போவார் என்றால் ஹெல்மெட் எங்கே இருக்கிறது? தலையிலா, டேங்க் மேலா? ஒருமுறை என்னிடம் வந்த ஐந்து வயதுச் சிறுவனிடம் "ஹெல்மெட் எதுக்குப் போடறோம்?" என்று கேட்டேன். "போலீஸ் மாமா நிக்கிற எடத்துல போடணும்" என்றான். அவன் அப்பா சிரித்தார், ஆனால் என் கண்ணைப் பார்க்கவில்லை. நாலு வயதுக்கு மேல் பிள்ளைக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நாலு வயதுவரை ஹெல்மெட்டோடு, ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரியிலிருந்து இருக்கிறது. தெருமுனைக் கடைக்குப் போனாலும் அப்பா மாட்டிக்கொண்டு கிளம்பினால் மகன் தன்னுடையதைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்வான். இந்த வயதில் ஹெல்மெட் அவனுக்குக் கிரீடம்.

முன்மாதிரியால் எல்லாமே நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் முறுக்கு டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் நீங்கள் எவ்வளவு பொரியல் சாப்பிட்டுக் காட்டினாலும் டப்பாதான் ஜெயிக்கும், அதைக் குறைவாக வாங்குவதே வழி. சில பிள்ளைகளுக்குச் சுவையும் வாசனையும் மற்றவர்களைவிடக் கூடுதலாக உறைக்கும், அவர்களுக்கு நாள் பிடிக்கும். சில விஷயங்கள் பழக்கத்தில் சேராது, வைத்தியத்தில் சேரும்: ஆறு மாதமாக எடை ஏறவே இல்லை, கெட்டியான எதையும் விழுங்க முடியாமல் குமட்டுகிறது, நாலைந்து பண்டங்களைத் தவிர எதையுமே தொடமாட்டேன் என்கிறது, உள்ளங்கை வெளுத்திருக்கிறது, மண்ணையோ சுவரையோ பல்பத்தையோ தின்கிறது. பல்பம் தின்னும் பிள்ளையை அடிக்காமல் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போக வேண்டும், பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு இருக்கும். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் குடற்புழு மாத்திரையையும் தவறவிடாதீர்கள்.

என் வீட்டுக் கதை ஒன்று சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு ஐந்து வயதிருக்கும்போது டாக்டர் விளையாட்டு விளையாடினாள். நான் ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருந்த கரடி பொம்மையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதியபடியே "ம்ம், சொல்லுங்க. எத்தனை நாளா? ம்ம். அடுத்து யாரு?" என்றாள். அதற்கு முன்னும் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், நோயாளியை முகம் பார்த்துப் பேசுங்கள் என்று. கரடி பொம்மைக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மறுநாளிலிருந்து முதலில் குழந்தையின் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுப்பேன். இப்போதும் திங்கட்கிழமைக் கூட்டத்தில் மறந்துவிடுவதுண்டு. நீங்களும் மறப்பீர்கள். ஒரு நாள் அவசரத்தில் மறுபடி மேடை ஓரத்தில் நின்று சாப்பிடும்போது அவன் பார்த்துவிட்டால், "இன்னைக்கு அம்மாவால உட்கார முடியல, நாளைக்கு உன்கூட உட்கார்றேன்" என்று சொல்லுங்கள். மறுநாள் உட்காருங்கள்.

இத்தனை சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும் நாளைக்கே தொடங்க வேண்டாம். முதல் வாரம் காலை டிபன் மட்டும். அந்த வாரம் முழுக்க முட்டையை அவன் தட்டில் வைக்காதீர்கள். சாப்பிடச் சொல்லவும் வேண்டாம். அவித்த முட்டையை ஓட்டோடு உங்கள் தட்டில் வைத்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து உரித்து, உப்பும் மிளகும் தூவி நீங்கள் சாப்பிடுங்கள். "நான் உரிக்கட்டுமா?" என்று ஒரு நாள் கேட்பான். கொடுங்கள். பாதி வெள்ளைக்கருவை ஓட்டோடு பிய்த்துத்தான் தருவான், திருத்த வேண்டாம். அவன் உரித்ததை நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள். ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள், எத்தனையாவது முட்டையில் கேட்டான் என்று.